அடுப்பு எரிகிறது, நான் வரவில்லை

ஆற்றங்கரைச் சாலை,
மெய்ன் மாநிலத்தின் வடகோடி.
புத்தாண்டுக்கு மறுநாள்.

அன்பு மகன் ரொசேருக்கு,

உன்னைப் பெற்று, உன் மூக்கைத் துடைத்து, முதல் நற்கருணைக்கு உனக்கு வெள்ளைச் சட்டை தைத்துப் போட்ட அம்மா ஒலிவின் எழுதிக்கொண்டது. இங்கே நான் சுகம். வீடு சுகம். கொல்லையில் நிற்கும் வெளியடுப்பும் ரொம்ப சுகம். அங்கே நீயும் மருமகள் ஷெல்லியும் பேரப்பிள்ளைகளும் போர்ட்லண்டில் உங்கள் கம்பளம் விரித்த வீட்டில் சளி, இருமல் அண்டாமல் இருக்கவேண்டும் என்று செபமாலை உருட்டும்போதெல்லாம் மாதாவிடம் கேட்டுக்கொள்கிறேன். எழுத்தில் தப்புத் தவறு இருந்தால் பொறுத்துக்கொள். ஐந்தாம் வகுப்பு முடித்த கையோடு உருளைக்கிழங்கு பொறுக்கப் போனவள் நான். கிழங்கு முடிந்ததும் பள்ளிக்கூடம் போகலாம் என்றார் உன் தாத்தா. கிழங்கு முடியவே இல்லை.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் நீ மூன்று கேள்வி கேட்கிறாய். பக்கத்திலிருந்து ஷெல்லி, "உங்க அம்மாவுக்குக் காலு சூடா இருக்கான்னு கேளுங்க" என்கிறாள். கால் சூடாக இருக்கிறது என்று நான் சொல்லி முடிப்பதற்குள் பாக்கிக் கதை ஆறிப்போகிறது. கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. உட்கார்ந்து முழுக்கப் படி. இன்சூரன்ஸ் ஆபீசில் எது எரியும், எது எரியாது என்று நாள் முழுக்கக் கணக்குப் போடுகிறவன் நீ. இது உன் வேலைக்கும் உதவும்.

முதலில் நம் ஒப்பந்தத்தை நினைவுபடுத்திவிடுகிறேன், பின்னால் நீ மாற்றிச் சொல்லக்கூடாது பார். நவம்பரில் வான்கோழி விருந்துக்கு நீங்கள் வந்திருந்தபோது, எலும்பைக்கூட இன்னும் எடுத்து வைக்கவில்லை, நீ ஆரம்பித்தாய். "அம்மா, அப்பா இருந்த வரைக்கும் சரி. இனிமே அந்த அடுப்புப் பூதத்தோட நீ தனியா மல்லுக்கட்ட முடியாது. குழாய்த் தண்ணியெல்லாம் வடிச்சுட்டு, வீட்டைப் பூட்டிட்டு எங்களோட வந்துரு" என்றாய். எவ்வளவு நாளைக்கு என்று கேட்டேன். "குளிர்காலம் முடியற வரைக்கும்" என்றாய். "நம்ம ஊர்ல குளிர்காலம் எப்ப முடியும்னு மறந்து போச்சாடா? மே மாசம் வரைக்கும் உங்க கம்பளத்து மேல நான் என்ன பண்றது, மேயவா?" என்று கேட்டேன். ஷெல்லி சிரித்தாள். நீ சிரிக்கவில்லை. கடைசியில் நீயே சொன்னாய்: "ஜனவரி ஆறு, மூவரசர் திருநாள் வரைக்கும் வீடு குளிராம, ஒத்தாசைக்கு என்னைக் கூப்பிடாம ஓட்டிக் காட்டு. ஓட்டிட்டேன்னா அப்புறம் நான் வாயே தெறக்க மாட்டேன். இல்லேன்னா பொட்டி கட்டணும்." குதிரைச் சந்தையில் கை குலுக்குகிற மாதிரி இரண்டு பேரும் கை குலுக்கினோம். வான்கோழியும் ஷெல்லியும் சாட்சி.

நீ பயந்ததிலும் நியாயம் இல்லாமல் இல்லை. அந்த வெளியடுப்பை உன் அப்பா அத்ரியான் வாங்கி வைத்த நாளிலிருந்து நான் கிட்டே போனதில்லை. துணிக்கொடிக்கு இந்தப் பக்கம் என் ராஜ்யம், அந்தப் பக்கம் அவர் ராஜ்யம். எட்ட நின்று பார்த்தால் புகைபோக்கி வைத்த தகரக் கக்கூஸ் மாதிரி இருக்கும். உள்ளே ஓர் இரும்பு வயிறு, அதைச் சுற்றித் தண்ணீர், அந்தத் தண்ணீர் கொதிக்கக் கொதிக்க மண்ணுக்கு அடியில் குழாய் வழியாக வீட்டுக்கு வந்து சுவரெல்லாம் சூடேற்றிவிட்டுத் திரும்பிப் போகும், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. இதை நம்பி மனுஷர் நிலவறையில் இருந்த எண்ணெய் அடுப்பைக் கழற்றி விற்றார், போகட்டும். சமையலறையில் கல்யாணமான நாள் முதலாய் நான் சமைத்த விறகடுப்பையும் தூக்கிக் கொடுத்துவிட்டார். அந்த மூலையில் இப்போது ஷெல்லி கொடுத்த செடி நிற்கிறது. அதன்மேல் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. அதில் சமைக்க முடியாது, அவ்வளவுதான்.

உங்கள் கார் கோயில் முனையில் திரும்பியதோ இல்லையோ, உன் அப்பாவின் வேலைக் கால்சட்டையை மாட்டிக்கொண்டு, அவருடைய ஆரஞ்சு வேட்டைத் தொப்பியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கொல்லைக்குப் போனேன். அடுப்போடு கொடுத்த விளக்கப் புத்தகம் முழுக்க இங்கிலீஷ். என் இங்கிலீஷ் அஞ்சல் நிலையம் வரைக்கும்தான் போகும். படம் பார்த்தேன். ஒருவர் சிரித்துக்கொண்டே அடுப்புக் கதவைத் திறக்கிறார். சரி, இதற்கு எதற்குப் புத்தகம் என்று நானும் சிரித்துக்கொண்டே கதவை அகலத் திறந்தேன். ரொசேர், மூச்சு முட்டிக் கிடக்கிற நெருப்புக்குத் திடீரென்று காற்றுக் கிடைத்தால் அது என்ன செய்யும் தெரியுமா? வெளியே வந்து நம்மை விசாரிக்கும். ஒரே ஒரு நாக்கு, அதுவும் ஒரு கணம்தான். உன் அப்பாவின் தொப்பிக்கு ஒன்றும் ஆகவில்லை. தொப்பிக்குக் கீழே இருந்த இரண்டு புருவமும் போய்விட்டன.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் புருவம் இல்லாமல் எப்படிப் போவது? எதிர்வீட்டு லூசில் மைப்பென்சில் கொண்டு வந்து வரைந்துவிட்டாள். அவளுக்குக் கண்ணில் புரை, சொல்லியும் கேட்கவில்லை. புருவத்தை இருக்கவேண்டிய இடத்துக்கு மேலே, நெற்றியில் பாதி தூரத்தில் போட்டுவிட்டாள். பிரசங்கம் முழுக்க நான் ஆச்சரியப்பட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பூசை முடிந்ததும் பங்குச் சாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒலிவின் அம்மா, நான் பேசறதை இத்தனை ஆர்வமா ஒருத்தர் கேட்டு வருஷக்கணக்காச்சு" என்று தழுதழுத்தார். நான் என்ன சொல்ல? மோயீசன் கண்ட எரியும் முட்புதரைப் பற்றிப் பேசினீர்கள், எரிகிற விஷயத்தில் எனக்கு இப்போது கொஞ்சம் ஆர்வம் அதிகம் சாமி என்றேன்.

அடுத்தது புகை. கிட்டே கிடக்கிற கட்டையைத்தானே யாரும் எடுப்பார்கள்? வெட்டி அடுக்கி ஈரம்கூட ஆறாத பாப்ளர் கட்டை கொடிக்குப் பக்கத்திலேயே இருந்தது. அதை எடுத்து எடுத்துத் திணித்தேன். அது எரிந்தால்தானே. ஊதுகாற்று விசிறி ஓடும், கட்டை சீறும், புகைபோக்கியிலிருந்து தார் மாதிரி ஒழுகும், புகை மட்டும் மேலே போகாமல் வயிற்றால் ஊர்ந்து வேலியைத் தாண்டி வல்மோன் வீட்டுக் கொல்லைக்குப் போகும். வல்மோனை உனக்குத் தெரியும். என்னோடு ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். அவர் ஆறாவதும் போனார், அந்த ஒரு வகுப்பை இன்றுவரை மறக்கவில்லை. கல்யாணமே பண்ணிக்கொள்ளாத மனுஷர், அவரிடமும் அதே மாதிரி வெளியடுப்பு ஒன்று உண்டு. அப்பா அதைப் பார்த்துத்தானே இதை வாங்கினார். வல்மோன் துவைத்துப் போட்ட உள்ளாடை, கால்சட்டை எல்லாம் புகை போட்ட பன்றித்தொடை மாதிரி பழுப்பேறிவிட்டது. வேலிக்கு மேலே தலையை நீட்டினார். ரோமில் புதுப் போப்பாண்டவர் கிடைக்கிற வரை கறுப்புப் புகையும், கிடைத்ததும் வெள்ளைப் புகையும் விடுவார்களே, அந்தக் கணக்கில் கேட்டார்.

"என்ன ஒலிவின், உங்க வீட்டுல இன்னும் போப்பாண்டவர் கிடைக்கலையா? விடிஞ்சு எழுந்தா கறுப்புப் புகையாவே வருது."

"ஓட்டு எண்ணிக்கிட்டு இருக்கோம். கிடைச்சா உனக்குத்தான் மொதல்ல சொல்லி அனுப்புவேன், போ."

"பேசாம ரொசேரோட போயிரு ஒலிவின். அடுப்பு ஓட்டறது பொம்பளைங்க காரியம் இல்லை."

"உன் அடுப்புல இதுவரைக்கும் ஒரு பயறாவது வெந்திருக்கா? ஆறாவது படிச்சவனே, போய் உன் கால்சட்டையை முகர்ந்து பாரு" என்று அனுப்பிவிட்டேன். அனுப்பிவிட்டேனே தவிர, அன்றைக்கு என் கோட்டும் தலைமுடியும் அதே வாசம்தான். கோயிலில் எனக்கு முன்வரிசைக் குழந்தை திரும்பித் திரும்பிப் பார்த்து அதன் அம்மாவிடம் பசிக்கிறது என்று அழுதது.

இனி வருவதைப் படிக்கும்போது நீ நாற்காலியில் உட்கார்ந்திருக்கவேண்டும். இதை உனக்கு வேறு யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள், ஏன் என்று பின்னால் தெரியும். தண்ணீர் போதுமான சூடு ஏறியதும் அந்த விசிறி தானாக நின்றுவிடுகிறது, காற்றுவழி மூடிக்கொள்கிறது, நெருப்பு மங்கிப் போகிறது. எனக்கு அது சாகக் கிடக்கிற மாதிரி தெரிந்தது. என் சமையலறை அடுப்பில் நெருப்பு மங்கினால் என்ன செய்வேன்? கதவைக் கொஞ்சம் திறந்து வைத்து, நல்ல காய்ந்த சிராயாகப் போட்டு, முகத்தை வெளிச்சமாக்குவேன். அதையேதான் செய்தேன். களஞ்சியத்தில் உன் அப்பாவின் பழைய உருளைக்கிழங்குப் பீப்பாய்கள் கிடந்தன அல்லவா, செடார்ப் பலகை, அப்பளம் மாதிரி காய்ந்தது, அதில் நான்கைந்தை உடைத்து உள்ளே அடைத்து, கதவு மூடாமல் இருக்க ஒரு கல்லைக் கொடுத்துவிட்டு, என்ன அழகாக எரிகிறது என்று பார்த்துப் பெருமைப்பட்டுக்கொண்டு காலைப் பலகாரத்துக்கு ப்ளோய் அடை வார்க்க உள்ளே வந்துவிட்டேன்.

மாவு கரைத்து முதல் ப்ளோயில் கண் விழுந்து வருகிறது, கொல்லையில் ஒரு கர்ஜனை. ஜன்னல் வழியாகப் பார்த்தால் அடுப்புக் கூரையிலிருந்து தேவதூதர் இறங்கி வருகிற மாதிரி வெள்ளை வெளேரென்று நீராவி, மரத்தைவிட உயரம். கொதிக்கிற தண்ணீர் பக்கத்துப் பனியில் விழுந்து பனி பொரிகிறது. நான் அகப்பையோடு ஓடினேன். எதற்கு அகப்பை என்று கேட்காதே. வேலிக்கு அந்தப் பக்கம் வல்மோன் தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டு நிற்கிறார். "வெள்ளைப் புகை வந்தாச்சு ஒலிவின். போப்பாண்டவருக்கு என்ன பேரு வெச்சிருக்காங்க?" கல்லை உதைத்துத் தள்ளிக் கதவை அகப்பையால்தான் அடித்துச் சாத்தினேன். அதற்குள் லூசில் அவள் வீட்டிலிருந்து தீயணைப்புக்குப் போன் போட்டுவிட்டாள். சைரன் வைத்துக்கொண்டு சிவப்பு வண்டி வந்து நின்றது. நம் ஊர்த் தீயணைப்பு என்றால் யார், அப்பாவின் தம்பி மகன் லுட்ஜேரும் அவன் கூட்டாளிகளும்தானே. தலைக்கவசத்தோடு குதித்தான்.

"பெரியம்மா, உள்ள யாராச்சும் மாட்டிக்கிட்டாங்களா?"

"ப்ளோய் மாட்டிக்கிட்டுது. கருகறதுக்குள்ள யாராவது போய் எடுங்க."

அவன் அடுப்பைச் சுற்றி வந்தான், சூடு காட்டும் முள்ளைப் பார்த்தான், கல்லைப் பார்த்தான், பீப்பாய்ப் பலகையைப் பார்த்தான், என் கையில் இருந்த அகப்பையைப் பார்த்தான். பிறகு தலைக்கவசத்தைக் கழற்றினான், சாவு வீட்டில் கழற்றுவது மாதிரி.

"பெரியம்மா, தப்பா நினைக்காதீங்க. ரொசேருக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிடறேன்."

என் நெஞ்சு நின்றுவிட்டது, ரொசேர். நெருப்பைப் பார்த்துக்கூட அப்படி நிற்கவில்லை. "நீ போட்டா நான் கூப்பிட்ட மாதிரிதான்டா. என் வீடு போச்சு" என்றேன்.

"வெந்துபோயிருந்தா?"

"வேகலையே. புருவம்தான் போச்சு, அது போன மாசமே போனது. லுட்ஜேர், உன் பையனுக்கு ஞானஸ்நான உடுப்பு யாரு தைச்சது?"

"நீங்கதான் பெரியம்மா."

"உன் பொண்டாட்டி கோச்சுக்கிட்டு அவ அம்மா வீட்டுக்குப் போனப்ப யார் வீட்டுல சாப்பிட்ட?"

"ஐயோ பெரியம்மா, பசங்க நிக்கறாங்க."

எல்லாரையும் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துப் ப்ளோய் வார்த்து அடுக்கி, பன்றிக் கொழுப்புக் கறி தடவிக் கொடுத்தேன். வயிறு நிறைந்த பிறகு லுட்ஜேர் சொன்னான், "அவன் கேட்டா நான் பொய் சொல்ல மாட்டேன். கேக்காத வரைக்கும் வாயைத் தெறக்க மாட்டேன். ஆனா இன்னொரு தடவை வண்டி வந்துச்சுன்னா நானே உங்க பொட்டியைத் தூக்கி வைப்பேன்." அவன் சொன்னதில் ஒரு நல்ல வார்த்தையும் இருந்தது. சூடான இரும்பில் பச்சைத் தண்ணீர் விட்டால் இரும்பு பிளந்துவிடும், முழுக்க ஆறட்டும், பிறகு மெல்ல நிரப்பலாம் என்றான். நானோ அதற்கு முன்பே தண்ணீர் விடக் குழாயைத் தூக்கியிருந்தேன், நல்லவேளை விடவில்லை.

ஆறுவதற்கு அன்று பொழுது முழுக்க ஆயிற்று. வீடு குளிர்ந்ததா என்று கேட்பாய். குளிரவில்லை, கொஞ்சம் யோசனையில் இருந்தது. நானும் கோட்டைப் போட்டுக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்து யோசித்தேன். உன்னிடம் மறைப்பானேன், பெட்டியைக் கீழே இறக்கினேன். கம்பளிக் காலுறை வைத்தேன், செபமாலை வைத்தேன், உன் அப்பா படத்தை வைத்தேன். இந்த வீட்டில் ஐந்து பிள்ளை பெற்றவள், தீயணைப்பு வண்டியில் பெட்டியை ஏற்றிக்கொண்டு போவதா என்று நினைத்தபோது உன் கம்பளத்தின் மேல்கூட எனக்குக் கோபம் வரவில்லை, அழுகைதான் வந்தது. அப்புறம் பயற்றுப் பானையை எடுத்தேன். அந்தப் பெரிய இரும்புப் பானை, பங்கு விருந்துக்கெல்லாம் குழி தோண்டிப் புதைப்பேனே, அதுதான். பெட்டியில் அது நுழையவில்லை. நுழைந்தாலும் போர்ட்லண்டில் உன் மாடி வீட்டில் இதை எங்கே புதைப்பேன், ஷெல்லியின் கம்பளத்திலா என்று நினைத்துக்கொண்டு மூடியைத் தூக்கினவள் அப்படியே நின்றுவிட்டேன்.

பயற்றுக் குழியில் நான் என்ன செய்வேன், ரொசேர்? நல்ல கெட்டிக் கட்டையை எரித்துத் தணலாக்குவேன். பானையை இறக்குவேன். மூடுவேன். மண்ணைத் தள்ளுவேன். அப்புறம் போய்விடுவேன். திறந்து பார்த்தேனோ, பயறும் போச்சு, தணலும் போச்சு. ஏழு வயசில் நீ ஒரு தடவை மண்ணைக் கிளறிப் பார்க்கப் போய் என்னிடம் அடி வாங்கினாய், ஞாபகம் இருக்கும். ஊருக்கெல்லாம் அந்தப் பொறுமையைப் போதித்தவள் நான், கொல்லையில் நிற்கும் இந்தப் பூதத்தை மட்டும் சமையலடுப்பு என்று நினைத்துக்கொண்டு பொழுதன்னிக்கும் கதவைத் திறந்து திறந்து முகம் பார்த்திருக்கிறேன். அது சாகவே இல்லை. மூடிக்கொண்டு தூங்குகிறது. சூடு குறைந்தால் தானே எழுந்து ஊதிக்கொள்ளும். அது அடுப்பே இல்லை, நின்றுகொண்டிருக்கிற பயற்றுக் குழி. செபமாலையையும் காலுறையையும் உன் அப்பா படத்தையும் வெளியே எடுத்தேன். பானையை இருந்த இடத்தில் வைத்தேன்.

மறுநாள் மெல்லத் தண்ணீர் நிரப்பி மூட்டினேன், அன்று முதல் பார். களஞ்சியத்துக்குப் பின்னால் உன் அப்பா காய வைத்திருந்த மேப்பிள் கட்டையை அவருடைய சறுக்கு வண்டியில் ஏற்றி ஏற்றி இழுத்தேன். தட்டினால் மணி மாதிரி சத்தம் வருகிற கட்டை மட்டும்தான் உள்ளே போகும். பாப்ளரை அடுத்த வருஷத்துக்குத் தள்ளிவிட்டேன். கதவை விரல் அகலம் திறப்பேன், ஒதுங்கி நிற்பேன், ஒரு அருள்நிறை மரியே செபம் சொல்வேன், அதற்குள் அது மூச்சு விட்டு முடித்திருக்கும், பிறகு முழுக்கத் திறப்பேன். தணலைக் கோலால் முன்னுக்கு இழுத்து, அதன்மேல் கட்டையை நெருக்கி அடுக்கி, சாத்திவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவேன். காலையில் ஒரு தரம், மாலையில் ஒரு தரம். நடுவில் போகக்கூடாது. அதுதான் கஷ்டம். கை அரிக்கும். ஒரு வாரம் காலையில் கட்டை போட்டதும் என் பூட்ஸைக் கொண்டுபோய் லூசிலிடம் ஒப்படைத்துவிட்டுத் துணிச்செருப்போடு ஓடி வந்தேன். "ஏண்டி ஒலிவின், குடிகாரன் பாட்டிலைக் கொடுத்து வைக்கிற மாதிரி கொடுத்து வைக்கறியே" என்றாள். ஒருநாள் பூட்ஸைக் கேட்டு அழுதுகூடப் பார்த்தேன், கொடுக்கவில்லை. அவளுக்குச் சொர்க்கம் நிச்சயம்.

கிறிஸ்துமசுக்கு வந்த குளிரைப் பற்றி ரேடியோவில் கேட்டிருப்பாய். ஆறு உறைந்து வெடிக்கிற சத்தம் துப்பாக்கி மாதிரி கேட்டது. சுவரில் ஆணி தெறித்தது. வெப்பமானியின் பாதரசம் குண்டுக்குள் போய் ஒளிந்துகொண்டது. என் வீட்டில் நான் பாதிக் கை சட்டையோடு மாவு பிசைந்தேன். பூசைக்குப் பிறகு விருந்துக்கு வந்தவர்கள் ஒவ்வொரு துணியாகக் கழற்றி என் கட்டிலில் போட்டார்கள், கட்டில் தெரியவில்லை. லுட்ஜேர் சூடு காட்டும் முள்ளை இரண்டு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்து, "பெரியம்மா, எங்க வீட்டைவிட இங்க சூடு" என்று தன் பெண்டாட்டி முன்னாலேயே சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டான். சாமியார் மூன்றாவது தரம் கறி அடை வாங்கித் தின்றுவிட்டு ஜன்னலைக் கொஞ்சம் திறக்கலாமா என்று கேட்டார். அந்தக் குளிரில், ரொசேர், ஜன்னலைத் திறக்கலாமா என்று என்னைக் கேட்டார்கள். இதைவிட ஒரு பொம்பளைக்கு வேறென்ன வேண்டும்.

இருக்கிறது, இன்னும் ஒன்று இருக்கிறது. வல்மோன் கிறிஸ்துமசுக்கு ஆற்றுக்கு அக்கரை கனடாவில் அவர் தங்கை வீட்டுக்குப் போயிருந்தார். பனிப்புயலில் பாலத்தை மூடிவிட்டார்கள். அவர் திரும்பி வருவதற்குள் அவர் அடுப்பு செத்துக் குளிர்ந்து கல்லாகிவிட்டது. பனி ஏறிய கட்டையை வைத்துக்கொண்டு காலை முழுக்கக் காகிதம் கொளுத்திக் கொளுத்திப் பார்த்தார், ஜன்னலில் நின்று நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மத்தியானம் வேலிப் பக்கம் வந்தார். கையில் சாம்பல் அள்ளுகிற இரும்பு வாளி. மீசையில் பனி தொங்குகிறது.

"ஒலிவின், கொஞ்சம் தணல் கிடைக்குமா?"

"போப்பாண்டவர் கேக்கறாரா, நீ கேக்கறியா?"

"நான்தான் கேக்கறேன். குழாய் உறைஞ்சா சுவரெல்லாம் வெடிச்சுரும். கேலி பண்ணாதே, அப்புறமா பண்ணிக்கோ."

"ஆறாம் வகுப்புல இதெல்லாம் சொல்லித் தரலையா?"

"அன்னிக்கு நான் லீவு."

அந்தப் பதிலுக்காகவே கூட்டிக்கொண்டு போனேன். கதவை விரல் அகலம் திறந்து, "ம், அருள்நிறை மரியே சொல்லு" என்றேன். குளிரில் பல் தந்தியடிக்கச் சொன்னார். பிறகு திறந்தேன். உள்ளே தணல் ஒரே சீராக, மாதுளம்பழம் உடைத்து வைத்த மாதிரி கிடந்தது. மனுஷர் வாளியை மறந்து பார்த்துக்கொண்டே நின்றார். "இப்படித் தணலை அத்ரியான்கிட்டகூட நான் பார்த்ததில்லை" என்றார். காற்றில் காதில் விழவில்லை, இன்னொரு தரம் சொல் என்றேன். சொன்னார். விழுந்தது முதல் தடவையே விழுந்துவிட்டது, இருந்தாலும் சொல்ல வைத்தேன். வாளி நிறைய அள்ளி, மேலே சாம்பல் போர்த்தி, என்னுடைய காய்ந்த மேப்பிள் கட்டையும் ஒரு வண்டி கொடுத்து அனுப்பினேன். இருட்டுவதற்குள் அவர் புகைபோக்கியிலும் புகை வந்தது. அது என் நெருப்பு, ரொசேர். வேலிக்கு அந்தப் பக்கமும் இப்போது என் ராஜ்யம்தான். அதற்கப்புறம் தினமும் சாயந்திரம் குழாயைப் பார்க்க வருகிறேன் என்று வருகிறார். குழாய் மண்ணுக்கு அடியில் இருக்கிறது, அதைப் பார்க்கச் சமையலறையில் உட்கார்ந்து காபி குடிக்கவேண்டுமாம்.

ஆகையால் மகனே, கெடுவுக்கு இன்னும் நான்கு நாள்தான் பாக்கி, ஒப்பந்தப்படி வீடு குளிரவில்லை, உன்னை நான் கூப்பிடவில்லை. மூவரசர் திருநாளுக்கு எல்லாரும் வாருங்கள், கேக் சுட்டு வைக்கிறேன். ஆனால் எனக்காகக் காரில் இடம் விட்டுக்கொண்டு வராதே. நான் போர்ட்லண்டுக்கு வரவில்லை. பனி உருகி ஆறு ஓடும்வரை இந்த வீட்டைவிட்டு ஒரு நாள்கூட நகர்வதாக இல்லை. இந்த அடுப்புக்கு என் கை பழகிவிட்டது, என்னைவிட்டால் அதற்கு வேறு யார்? நீ வாயே திறக்கமாட்டேன் என்று சொன்னதையும் மறந்துவிடாதே.

ஷெல்லிக்கு என் முத்தம். அவள் செடி நன்றாக இருக்கிறது, சூட்டில் கிடுகிடுவென்று வளர்ந்து மூலையை அடைத்துக்கொண்டு நிற்கிறது. பேரப்பிள்ளைகளின் நெற்றியில் எனக்காகச் சிலுவை அடையாளம் போடு. உங்கள் எல்லாருடைய காலும் எப்போதும் சூடாக இருக்கும்படி மாதா காப்பாளாக.

இப்படிக்கு,
உன் அம்மா,
ஒலிவின் மார்க்கி

பி.கு. கடிதத்தை ஒட்டப் போகும்போது லூசில் வந்தாள். பிப்ரவரியில் நம் பங்கிலிருந்து ஃபுளோரிடாவுக்கு ஒரு பஸ் போகிறதாம், முழுசாக மூன்று வாரம், கடற்கரையில் தங்கல். ஒரு சீட் காலி விழுந்திருக்கிறது, வர்றியாடி என்றாள். சரி என்று சொல்லிவிட்டேன். ஒரு நாள்கூட நகரமாட்டேன் என்று மேலே எழுதியிருக்கிறாயே என்று நீ கேட்பாய். எழுதியதை அடிக்கவில்லை, அது அப்படியே இருக்கட்டும். அது இன்னொருத்தர் கிளப்பினால் நான் போகமாட்டேன் என்று எழுதியது. இது நானாகப் போவது. நெருப்பு என்று ஒன்று இருந்தால் காலையும் மாலையும் கட்டை போட ஆள் வேண்டும், அதனால் ஆபீசில் லீவு சொல்லிவிட்டு வந்துவிடு. உன் அப்பாவின் பூட்ஸ் கதவுக்குப் பின்னால் இருக்கிறது. எடுத்த எடுப்பில் அடுப்புக் கதவை விரல் அகலத்துக்கு மேல் திறக்காதே, உனக்குப் புருவம் இல்லாமல் போனால் யார் இன்சூரன்ஸ் வாங்குவார்கள்? வல்மோனைப் பார்த்துக்கொள்ளச் சொல்லலாமே என்று ஷெல்லி சொல்வாள். சொல்ல முடியாது. பஸ்ஸில் என் பக்கத்து சீட் அவருடையது. அவர் அடுப்புக்கும் நீதான் கட்டை போடவேண்டும், அவர் காபிக்கு வருவதற்காக வேலியில் ஒரு பலகையை நேற்றே கழற்றி வைத்துவிட்டோம், நீயும் சுற்றிப் போக வேண்டாம்.